சாதுல்லாவின் ஏழாவது விமானம்

சட்டைப் பையிலிருந்து மஞ்சள் ஸ்பாஞ்சு நுரைத் துணுக்கு ஒன்றைப் பிய்த்து, தலைக்கு மேல் உயர்த்திக் காற்றில் விடுகிறார் சாதுல்லா. அது மண்ணில் இறங்குகிற வரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார். காலடியிலேயே விழுந்தால் முகம் மலரும். கள்ளக்குறிச்சிப் பக்கமாக ஓடினால் உதட்டைப் பிதுக்குவார். "மலை முழிச்சிக்கிச்சு. இன்னிக்கு கம்மியாத்தான் பறக்கணும்." கல்வராயன் மலையின் காற்று கீழே இறங்குவதற்குள், காலை எட்டு மணிக்கு முன்பாக, எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும்.

நாலடி தள்ளி ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கிற அவர் மனைவி அத்தியாவுக்கு இது ஓராண்டுப் பழக்கம். இருந்தும் ஒவ்வொரு முறையும் தலையில் அடித்துக்கொள்வாள். ஐம்பத்து மூன்று வயது, மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த மனிதர், வெள்ளைக் குல்லாவோடு அறுவடை முடிந்த சோளக்கொல்லையில் நின்று ரிமோட்டில் போர் விமானம் விடுகிறார்! வரும் வழியில் ஸ்கூட்டரை ஓட்டுகிறவளும் அவள்தான். பின்னால் அவர் விமானத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேருந்து ஜன்னல்களில் வாயைப் பிளந்த முகங்கள் வரிசையாகக் கடந்து போகும்.

சாதுல்லாவின் தொழில் மோட்டார் சைக்கிள் சீட் தைப்பது. இருபத்தெட்டு ஆண்டுகளாக அதே கடை, அதே தையல் இயந்திரம். பழைய சீட்டின் பள்ளத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வலப்பக்கம் இடுப்பு வலி, இல்லீங்களா?" என்று கேட்பார். வந்தவர் திடுக்கிட்டுப் போவார். "எப்படி பாய் கண்டுபுடிச்ச?" "நீங்க சொல்லல. சீட்டு சொல்லுது." தையல் விட்டுப்போன சீட்டை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், வெயிலையும் மழையையும் குறை சொல்ல மாட்டார். "நான்தான் சரியா தைக்கல" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்வார்.

அந்தக் கைக்குத்தான் அந்தக் கதி வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ரெக்ஸின் வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போன மனிதர் நிமிரவில்லை. பக்கவாதம். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, வலது கை மட்டும் திரும்பவில்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல அது அவர் மடியில் கிடந்தது. அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அழுத்திப் பழகச் சொல்லி மருத்துவர் கொடுத்த ரப்பர் பந்தைத் தெருவில் எறிந்தார். "நான் இன்னா கொழந்தையா?"

சென்னையிலிருந்து வந்த அக்கா மகன் நிஷாத், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகுகிற ரிமோட் பெட்டி ஒன்றை வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அதில் இரண்டு குச்சிகள். இடது குச்சி வேகத்துக்கு. வலது குச்சி திருப்புவதற்கும் ஏற்றி இறக்குவதற்கும். ஒரு பகல் சோறு கொண்டுவந்த அத்தியா வாசற்படியிலேயே உறைந்து நின்றாள். வலது கை அந்தக் குச்சியைப் பிடித்திருந்தது! விரல்கள் நடுங்கின, ஆனால் அசைந்தன. தட்டு தரையில் விழுந்து சுழன்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இரு அத்தியா, எறக்கிக்கினு இருக்கேன்."

கம்ப்யூட்டரில் நானூறு முறை விழுந்தார். "ஒரு தபாகூட ஒட்டுற வேலை இல்ல" என்று பெருமை வேறு. பிறகு உண்மை விமானம் வந்தது. பழைய உலகப் போரில் பறந்தவற்றைப் போலச் செய்த, பேட்டரியில் ஓடும் நுரை விமானம். எந்த நாடு, எந்தப் படை என்று கேட்டால் தெரியாது. "எந்த நாடா இருந்தா இன்னா? மூக்கு கனமா, வாலு லேசா இருக்கணும். அவ்ளோதான்." இரண்டு சுட்டுவிரல்களை இறக்கைகளுக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, மூக்கு லேசாகத் தாழ்கிறதா என்று பார்ப்பார். தாழாவிட்டால் பேட்டரியை முன்னால் நகர்த்துவார். அந்த நேரம் கடைக்கு யார் வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது விமானத்துக்கு நேர்ந்ததை நினைத்தால் அவருக்கு இன்றும் கண் கலங்கும். உடைந்த இறக்கைக்குப் பதிலாகத் தெர்மாகோலில் புது இறக்கை செதுக்கினார். நிஷாத் போனில் எச்சரித்தான். "மாமா, அதுக்குன்னு தனி கோந்து இருக்குது." "நுரை ஒட்டுறத எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சிரித்தவர், சீட்டுக்குப் பூசுகிற ரப்பர் பசையைத் தாராளமாகப் பூசினார். பத்து நிமிடம்தான். மெல்லிய சத்தத்தோடு இறக்கை உருக ஆரம்பித்தது. தீயில் காட்டிய பிளாஸ்டிக் பை போலச் சுருங்கி, குழிந்து, அவர் கண்ணெதிரிலேயே காணாமல் போனது. "இருவத்தெட்டு வருசமா கூட இருந்த பசை அத்தியா, என்னையே கடிச்சிட்டுது!" அன்று அவர் சாப்பிடவில்லை.

ஆனாலும் ஓயவில்லை. வயிற்றுப் பகுதி தேயாதிருக்க ரெக்ஸின் ஒட்டினார். சக்கரத்துக்குத் தடித்த கம்பி போட்டார். மூன்று செல் பேட்டரியை எடுத்துவிட்டு நாலு செல் மாட்டினார். "செல்லு ஜாஸ்தின்னா வேகம் ஜாஸ்தி. வேகம் ஜாஸ்தின்னா ஆயுசு கம்மி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சிரிப்பு நின்றது ஆறாவது விமானத்தில். நாலு செல் வேகத்தில் அது கைக்கு அடங்காமல் பக்கத்துக் கரும்புக் கொல்லையில் பாய்ந்தது. களையெடுத்துக்கொண்டிருந்த சாலம்மாளின் காலுக்கு ஒரு சாண் தள்ளி, மூக்கு மண்ணில் புதைந்து நின்றது. களைக்கொத்தை எறிந்துவிட்டு அவள் ஓடிய ஓட்டத்தை அத்தியா பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"ஒரு உசுரு போயிருந்தா இன்னா பண்ணுவீங்க?"

விமானத்தின் மூக்கில் அப்பியிருந்த மண்ணை அவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு வுடுங்க. அது வுழுந்தா அத்தோட சரி. சொல்லுங்க."

"அல்லா அறிய சொல்றேன். ஏழாவது வுழுந்தா நான் குச்சிய தொட மாட்டேன்."

சொன்ன சொல்லை அவர் மீறியதில்லை. அதுதான் அத்தியாவைக் கொன்றது. விமானம் நின்றால் அந்தக் கை மறுபடியும் மடிக்குப் போய்விடுமே! வாங்கிய சத்தியத்தை அன்று முதல் அவளே சபித்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது கிளம்பிய காலை, நுரைத் துணுக்கு காலடியில் விழுந்தது. கொல்லைக்காரர் பிச்சைமுத்து துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். "பாய், இன்னிக்கு யார் காலு?"

"உன் காலுதான். தள்ளி ஒக்காரு."

விமானம் சீறி எழுந்தது. மலையை நோக்கிப் போய், வட்டமடித்து, வயிற்றைக் காட்டிப் புரண்டு நிமிர்ந்தது. பிச்சைமுத்து வரப்பிலேயே எழுந்து நின்றுவிட்டார். அத்தியா கண்ணை மூடித் திறந்தாள். திறந்தபோது கணவரின் முகம் வெளுத்திருந்தது.

"அத்தியா... கை இறுகிக்கிச்சு."

வலது கை விரல்கள் குச்சியின் மேல் கொக்கி போல வளைந்து நின்றன. மேலே விமானம் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

"வா! வலது குச்சிய புடி! வேகத்த நான் பாத்துக்கிறேன்!"

அவள் ஓடினாள். பெட்டியைத் தாங்கி அவர் கழுத்தில் தொங்கிய பட்டைக்குள் கையை நுழைத்து, அந்த விறைத்த விரல்களை விலக்கிவிட்டுக் குச்சியைப் பிடித்தாள். ஒரே பெட்டியில் அவருடைய இடது கை, அவளுடைய வலது கை.

"மெதுவா திருப்பு. நம்மள பாத்து வரட்டும்."

வந்தது. இடப்பக்க இறக்கை தாழ்ந்தது. தூக்கிவிட நினைத்துக் குச்சியை வலப்பக்கம் தள்ளினாள். ஐயோ, இன்னும் தாழ்ந்தது! உலகமே சாய்வது போலிருந்தது அவளுக்கு.

"எதிர்ல வர்றப்ப எல்லாம் மாறிடும்! எந்த றெக்க தாழுதோ அந்தப் பக்கமே தள்ளு!"

தள்ளினாள். இறக்கை நிமிர்ந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். "இப்ப உன் பக்கமா இழு... இன்னும் கொஞ்சம்..." சக்கரங்கள் மண்ணைத் தொட்டு ஓடின. மூன்று கஜம் ஓடியிருக்கும். சோளத்தட்டையின் அடிக்கட்டை ஒன்று தடுக்க, விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது. மூக்கிலிருந்த விசிறி முறிந்து தெறித்தது.



"எறங்கிட்டுது! நான் பாத்தேன், எறங்கி ஓடிச்சு!" என்று கத்தினாள் அத்தியா. "நீங்க சொல்லுங்க பிச்சமுத்து அண்ணா."

"எறங்கிச்சு பாயம்மா. அப்பறம் கவுந்துச்சு. எங்க மாமன் குடிச்சிட்டு வண்டியில வந்தாமாரி."

சாதுல்லா போய் விமானத்தைத் திருப்பினார். முறிந்த விசிறியை எடுத்துப் பார்த்தார்.

"வுழுந்துடுச்சி அத்தியா."

"இல்லீங்க..."

"தையல் பிரிஞ்சா பிரிஞ்சிச்சின்னுதான் சொல்லணும்."

கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றினார். பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். வலது கை மடியில் கிடந்தது. அத்தியா அதையே பார்த்தாள். 

மறுநொடி பெட்டியை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அவர் உயரத்துக்கு அளந்த பட்டை. பெட்டி அவள் இடுப்புக்குக் கீழே தொங்கியது.

"இன்னா பண்ற?" சாதுல்லா பதறி எழுந்தார்.

"தொட மாட்டேன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலியே."

"யப்பா, பாயம்மாவுமா!" பிச்சைமுத்து தலையில் கையை வைத்துக்கொண்டார். "நான் ஒரேயடியா சோளம் போடுறத வுட்டுடுறேன்!"

அத்தியா கணவர் முன்னால் போய் நின்றாள். "பட்டை நீளமா இருக்குது. சின்னது பண்ணுங்க."

சாதுல்லா அவளை நிமிர்ந்து பார்த்தார். கொக்கியை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தூக்கிப் பட்டையின் நுனியைப் பற்றினார். அது நழுவியது. மீண்டும் பற்றினார். மீண்டும் நழுவியது. தினமும் காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிற அத்தியா, இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி, எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று நின்றாள்.