ஆறு மணி கேசட்

முப்பத்தாறு வயதில், முன்தலை வழுக்கை விழுந்த பிறகு, நான் ஒரு காதல் கவிதை எழுதினேன். என் மனைவிக்கு அல்ல. அடுத்த பிளாக்கில் இருந்த, இன்னொருவருடைய மனைவிக்கு. எட்டு வரியில் நிலா மூன்று முறை வந்தது.

என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்காகக் கொரட்டூரில் தாய்வீட்டில் இருந்தாள். நாங்கள் குடியிருந்த ஆவடியிலிருந்து ரயிலில் இருபது நிமிடம். நானோ படித்த நாவல்களின் தயவில், கடல் கடந்து பிரிந்தவனைப் போலத் தாடி வளர்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசி. அந்த அம்மாளின் கணவரை வடக்கே ஒரு தொழிற்சாலைக்கு மாற்றியிருந்தார்கள். திருநெல்வேலிக்காரர்கள், எங்கள் சபைதான். நான் இரவல் கொடுக்கும் புத்தகங்களைப் பற்றி அந்த அம்மாள் நல்லதாக இரண்டு வார்த்தை சொல்வார். அந்த இரண்டு வார்த்தையிலிருந்து நான் எட்டு வரிக்குப் போயிருந்தேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, புத்தகத்தைத் திரும்ப வாங்கும் சாக்கில் போனேன். சட்டைப்பையில் கவிதை. அந்த வீட்டுப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகைக்குப் போயிருப்பார்கள் என்று தெரியும். தெரிந்துதான் போனேன்.

"வாங்கண்ணே. ஆறு ஆயிட்டு. ஜெபத்த முடிச்சிட்டு காப்பி போடுதேன்" என்று சொல்லிப் பாயை விரித்து, டேப் ரெக்கார்டரைத் தட்டினார்.

கணவரின் குரல் வந்தது. கடிதம் எழுதச் சோம்பிய மனிதர், குடும்ப ஜெபத்தைக் கேசட்டில் பேசி அனுப்பியிருந்தார். தினமும் ஆறு மணிக்கு அதைப் போட்டுத்தான் அந்த வீட்டில் ஜெபம். நானும் முழங்காலில் நின்றேன். பழக்க தோஷம்.

"கர்த்தாவே, இப்ப இந்த அறையில யார் முழங்கால்ல நிக்காங்களோ, அவங்க இருதயத்தப் பாக்கிறீரே, ஸ்தோத்திரம்" என்றது குரல். எல்லா வீட்டிலும் சொல்லும் வரிதான். நான் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டேன்.

"இப்ப நீ ஜெபம் பண்ணும்மா."

பிறகு வெறும் இரைச்சல். மனைவி ஜெபிப்பதற்காக அவர் விட்டிருந்த இடைவெளி. அந்த அம்மாள் மெல்லிய குரலில் அவரிடமும் ஆண்டவரிடமும் ஒரே மூச்சில் பேசினார். இளையவனுக்குச் சளி, பம்பில் தண்ணீர் வரவில்லை. முடித்த பின்னும் இடைவெளி மிச்சமிருந்தது. அந்த இரைச்சலுக்குள் ஒரு மூச்சு கேட்டது. ஒரு செருமல். தூரத்தில் ஏதோ ரயில். அந்த மனிதர் ஆயிரம் மைலுக்கு அப்பால் தனியறையில், மனைவி பேசப்போவதைக் கேட்டபடி அமர்ந்திருந்திருக்கிறார். அதைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார்.

வெளியே இருட்டத் தொடங்கியது. வழக்கம்போல் வோல்டேஜ் இறங்கியது. பல்பு சிவந்தது. குரல் இழுபட்டு, கிணற்றடியிலிருந்து வருவதுபோல் கனத்தது.

"அ…டு…த்…த…வ…ங்…க ஜெ…பி…ங்…க."

பிள்ளைகளுக்கான இடம் அது. பிள்ளைகள் இல்லை. நான் இருந்தேன். அந்த அம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. இரைச்சல் காத்திருந்தது. உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு எனக்காகவே காத்திருப்பது போலிருந்தது. என் நெஞ்சில் இருந்ததெல்லாம் மூன்று நிலா. "ஆமென்" என்றேன். காப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டு, புத்தகத்தையும் மறந்து, ஸ்டேஷனுக்கு நடந்தேன். அதை நடை என்று சொல்வது என் மரியாதைக்காக. கவிதை தண்டவாளத்துக்குப் போனது.

சோதனையை எதிர்த்து நிற்கவேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். நான் நிற்கவில்லை, ஓடினேன். ஆனால் ரயிலில் ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டு ஜெபத்தில் ஆரம்பம் முதல் ஆமென் வரை நான்தான். என் மனைவி பேச நான் ஒருநாளும் இடம் விட்டதில்லை.

கொரட்டூரில் மனைவி கதவைத் திறந்து, "இன்னாங்க, சொல்லாம கொள்ளாம வந்துகீறீங்க" என்றாள். அன்று ஜெபத்தில் அவளைப் பேசச் சொன்னேன். ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எட்டு வருடம் கழித்துத்தான் முழுவதையும் அவளிடம் சொல்ல தைரியம் வந்தது. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. அந்தக் கத்தி நுனியில் என் கல்யாணம் மொத்தமும் ஊசலாடியது.

"நீங்க இன்னாத்துக்குப் போனீங்கன்னு அந்தக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தோ, அத்தோட வுட்டாரே ஆண்டவரு" என்று அடுத்த காயை எடுத்தாள். "தெரிஞ்சிருந்தா சிரிச்சே செத்துருக்கும், பாவம்."