வெள்ளைக் கல்லும் அறுபது சைக்கிளும்

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த வெள்ளைக் கல்லைத் தெரியும். எங்கள் ரப்பர் தோட்டத்தில், அதை நிர்வகிக்கும் துரையின் பங்களாவுக்கு முன்னால் ஒரு செம்மண் சாலை போகும். அதில் பங்களா கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று முழங்கால் உயரத்துக்கு இரண்டு கற்களை நட்டிருந்தார்கள். சைக்கிளில் வருகிற தொழிலாளி முதல் கல்லருகே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து, இரண்டாவது கல்லைத் தாண்டிய பிறகுதான் மறுபடி ஏற வேண்டும். துரை உள்ளே தூங்கினாலும் சரி, ஊரிலேயே இல்லாவிட்டாலும் சரி, மழை கொட்டினாலும் சரி. வெள்ளைக்காரத் துரை போய் உள்ளூர்க்காரர் ஒருவர் துரையாக வந்து உட்கார்ந்த பிறகும் அந்த வழக்கம் மட்டும் போகவில்லை. மாதம் ஒரு தடவை அந்தக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது என் அப்பாவின் வேலை. அவர்தான் பங்களா கேட்டில் ஜாகா, அதாவது காவல்காரர். யாராவது மறந்துபோய்க் கல்லைத் தாண்டி ஓட்டிவந்தால் அப்பா ஒரே ஒரு சொல் சொல்வார். “எறங்கு.” குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்த வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

இந்தக் கல்லை நான் இத்தனை வருடம் கழித்து நினைத்துக்கொண்டதற்குக் காரணம் போன மாதம் ஈப்போ நகரத்தில் நாங்கள் நடத்திய ஒரு வாரம். எங்கள் வட்டாரத்துக் கோயில் கமிட்டியும், பக்கத்து மாதா கோயில் ஆட்களும், பழைய தோட்டத்துக்காரர்கள் சிலரும் சேர்ந்தோம். கையை ஓங்காமல் தங்கள் உரிமையைக் கேட்டு வாங்கிய சாதாரண மனிதர்களை நினைத்துப் பார்க்க ஒரு வாரம் என்று முடிவானது. பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி, தொழிலாளர் உரிமை பற்றி ஒரு வழக்கறிஞரின் பேச்சு, ஒரு மாலை பழைய ஆட்கள் கதை சொல்வது. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், சித்தியவான் பக்கம் இருக்கும் எங்கள் பழைய தோட்டத்துக்கு, அந்தப் பங்களா சாலை வழியாகவே, சைக்கிள் ஊர்வலம். நான் பல் மருத்துவமனை ஒன்றில் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். அந்த மாதம் முழுக்க நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்ததைவிட சைக்கிளுக்குப் பேர் பதிந்ததுதான் அதிகம். அவ்வளவு பரபரப்பு எனக்கு என் கல்யாணத்தின்போதுகூட இருந்ததில்லை.

ஊர்வலத்தின் நாயகி என் சின்னம்மா, என் அம்மாவின் தங்கை. எழுபதைத் தாண்டியவர். தினமும் காலையில் தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் கடன் வாங்கிய சைக்கிளை ஓட்டிப் பழகினார். கார்க்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். “முட்டிதான் கொஞ்சம் மக்கர் பண்ணுது, மத்தபடி ஓக்கேலா,” என்று எனக்கு நாள்தோறும் போன் வரும். அவர் நெற்றியில், இடது புருவத்துக்கு மேலே, ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. அந்தத் தழும்பு வந்த காலையில் நான் அங்கே இருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சின்னம்மா அப்போது பால்மரம் வெட்டும் வேலையில், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலையில் இருந்தார். விடியுமுன் தொடங்கிய வேலை முடிந்து சைக்கிளில் வந்தவர் வெள்ளைக் கல்லருகே இறங்கவில்லை. மறந்துபோய் அல்ல. முதல் நாள் இரவே அம்மாவிடம், “நாளைக்கு நான் எறங்கப் போறதில்ல, மாமாகிட்ட சொல்லி வை,” என்று சொல்லியிருந்தாராம். அக்காள் கணவரை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். அம்மா பயத்தில் அதை அப்பாவிடம் சொல்லவே இல்லை. அப்பா “எறங்கு” என்றார். சின்னம்மா மிதித்துக்கொண்டே வந்தார். அப்பா ஓடிவந்து ஹாண்டிலைப் பிடித்தார். வண்டி சாய்ந்தது, சின்னம்மா பக்கத்து வடிகாலில் விழுந்தார், நெற்றி பிளந்து ரத்தம் வந்தது. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன நான் தூக்குச்சட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்தாரா தள்ளினாரா என்று பிற்காலத்தில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சத்தியமாக எனக்குத் தெரியாது. அப்பா அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார். “நான் தள்ளல. புடிச்சேன். சாஞ்சிருச்சு.”

செய்தி தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் போய்ச் சேரக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. இளவட்டங்கள் பால் வெட்டும் கத்திகளோடு கேட்டுக்கு வந்துவிட்டார்கள். பங்களாவுக்குள் இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே அப்பா ஒருவர்தான். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அன்று அப்பாவை வெட்டிப்போட்டிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போதுதான் சின்னம்மா, சேலைத் தலைப்பை நெற்றியில் அழுத்திக்கொண்டு, அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார். “இவரு மேல ஒரு கை பட்டுச்சுன்னா நான் இனிமே சைக்கிளே தொட மாட்டேன். நான் பட்டதெல்லாம் வீணாப் போயிரும். கத்திய வச்சிட்டு நாளைக்கு சைக்கிள எடுத்துக்கிட்டு வாங்க.” கத்தவில்லை, அழவில்லை. கடையில் சாமான் சொல்வதுபோலச் சொன்னார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

மறுநாள் அவரோடு ஐந்து பேர் வந்தார்கள். அப்பா ஒவ்வொரு ஹாண்டிலாகப் பிடித்தார். அவர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றி, இறங்காமல், எதிர்த்துப் பேசாமல், அவர் கையை எடுக்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த நாள் பன்னிரண்டு பேர். அந்த வாரக் கடைசியில் முப்பதுக்கு மேல். முப்பது ஹாண்டிலை ஒரு மனிதன் எப்படிப் பிடிப்பது? அப்பா கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். சைக்கிள்கள் வரிசையாகக் கடந்துபோயின. அதன் பிறகு அங்கே யாரும் இறங்கவில்லை. அப்பாவை ஜாகா வேலையிலிருந்து எடுத்துப் புல் வெட்ட அனுப்பிவிட்டார்கள். வழக்கத்தைக் காப்பாற்றத் தெரியாதவர் என்று துரைக்குக் கோபம். துரைக்கு வால் பிடித்தவர் என்று தோட்டத்துக்குக் கோபம். இரண்டையும் வாங்கிக்கொண்டு அவர் தினமும் புல் வெட்டப் போனார்.

அப்பாவும் சின்னம்மாவும் அன்றிலிருந்து நேருக்கு நேர் பேசியதில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. நல்லது கெட்டது எல்லாவற்றிலும் இருவரும் இருப்பார்கள். ஆனால் அப்பா இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே சின்னம்மா, “அக்கா, அவருக்கு ரசம் வேணுமான்னு கேளு,” என்பார். அப்பா, “போதும்னு சொல்லு,” என்பார். அம்மா தவறிப்போன பிறகு அந்தத் தபால்காரி வேலை எனக்கு வந்தது. இப்படியே நாங்கள் ஈப்போவுக்கு வந்து, தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை எண்ணெய் மரங்கள் வந்து, பங்களாவும் இடிபட்டு, எனக்கும் தலை நரைத்துவிட்டது.

ஊர்வலத்துக்குப் பேர் கொடுத்த அறுபது பேருக்கும் கமிட்டி மஞ்சள் சட்டை அடித்தது. முதுகில் பெரிய எழுத்தில் “எறங்க மாட்டோம்.” என்னுடையதைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். அப்பா அதன் முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். எண்பத்தைந்து வயது மனிதர். அவர் வாழ்க்கையில் எல்லாரும் நினைவு வைத்திருக்கும் ஒரே சொல்லை அறுபது முதுகில் எழுதி, இல்லை என்று சொல்லிவிட்டோமே என்றிருந்தது. அவர் படித்து முடித்து உள்ளே போனார். கதை சொல்லும் மாலைக்கும் வரவில்லை. அன்று மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் சின்னம்மா முழுக் கதையையும் சொன்னார். நான் பயந்துகொண்டே கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, “என் பேரச் சொன்னாளா?” என்று கேட்டார். “இல்லப்பா. கேட்டுல ஒருத்தர் நின்னாரு, அவருக்கும் அது கஷ்டமாத்தான் இருந்திச்சுன்னு சொன்னாங்க.” அப்பா விசிறியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போனார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வெள்ளைச் சட்டை போட்டு, கைத்தடியோடு வாசலில் தயாராக நின்றார். “நானும் வாரேன்.”

சைக்கிள்களை லாரியில் ஏற்றிப் பிரதான சாலை முனையில் இறக்கினோம். அங்கிருந்து தோட்டத்துக்கு மூன்று மைல். அப்பாவை வேனில் முன்னதாக அனுப்பிவிட்டேன். பங்களா கேட் இருந்த இடத்தில் இப்போது ஒரு கார் கழுவும் கடை இருக்கிறது. கடைக்காரர் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார். நாங்கள் கிளம்பினோம். அறுபது மணிச் சத்தம், செம்பனை வாசனை, முன்னால் கமிட்டித் தலைவர் ஒலிபெருக்கியில் “எறங்க மாட்டோம்” என்று முழங்க, பின்னால் நாங்கள் முழங்க, எனக்குக் கால் வலியே தெரியவில்லை. வளைவு திரும்பியது. கல் இல்லை. சாலை தாராகி எத்தனையோ வருடமாகிறது. ஆனால் தலைவரின் கால் தரைக்கு வந்தது. அவருக்குப் பின்னால் இருந்த பெரியவர் இறங்கினார். அடுத்தவர், அதற்கடுத்தவர். ஒரு நிமிடத்தில் தோட்டத்தில் பிறந்தவர்கள் அத்தனை பேரும் கீழே நின்று, தலையைக் குனிந்து வண்டியைத் தள்ளத் தொடங்கியிருந்தோம், முதுகில் அந்த வாசகத்தோடு. யாரும் “எறங்கு” என்று சொல்லவில்லை. நானும்தான் இறங்கியிருந்தேன். ஈப்போவில் பிறந்த பிள்ளைகள் பின்னால் பிரேக் போட்டு, “ஏன் அங்கிள், டயர் பஞ்சரா?” என்றார்கள். தலைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்புறம் எழுந்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவரும் இறங்கியிருந்தார், தழும்பு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அங்கே இறங்காத சின்னம்மா. அவர் அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து, தடியை ஊன்றி ஊன்றிச் சாலையைக் கடந்து, முதல் வெள்ளைக் கல் இருந்த இடத்தில் சரியாக வந்து நின்றார். அதே உயர்த்தாத குரலில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

“ஏறு.”

என் பக்கம் திரும்பாமல், தபால்காரி இல்லாமல், சின்னம்மா பதில் சொன்னார். “முட்டி ஒத்துக்க மாட்டேங்குது மாமா. ஏறுனா சாஞ்சிருவேன்.”

அப்பா தடியை என்னிடம் கொடுத்தார். சைக்கிளுக்குப் பின்னால் போய் கேரியரை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டார்.

“நான் புடிச்சிருக்கேன். ஏறு.”

சின்னம்மா ஏறினார். தடியை ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு நானும் ஏறினேன். எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். யாரும் மணி அடிக்கவில்லை, முந்தவும் இல்லை. முன்னால் போன சின்னம்மாவின் சைக்கிளைப் பிடித்தபடி அப்பா நடந்தார். அன்று காலையில் முதல் கல்லிலிருந்து இரண்டாவது கல் வரைக்கும் முழுத் தூரமும் நடந்துபோனவர் அவர் ஒருவர்தான்.