விதைக்கு விட்ட பதினோரு செடி

எடப்புளி நாடு என்கிற மலையூரில் எனக்கு இருக்க இடம் கொடுத்திருக்கும் வீட்டுக்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நல்ல மனிதர்தான். வாடகை கேட்பதில்லை, மிளகு பறிக்கும் நாட்களில் ஏணி ஏறிக் கொடுத்தால் போதும். நல்லவர் செய்த காரியம் என்பதால்தான் மனசு ஆற மாட்டேன் என்கிறது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். போர்வெல் லாரியோடு நாலு மாநிலம் சுற்றினேன். இடையில் ஓசூர்ப் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை செய்தபோது சக்கரவர்த்திக் கீரை பழக்கமானது. கிளம்பும்போது ஒரு தீப்பெட்டி நிறைய விதை எடுத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

கடுகைவிடச் சின்ன, கறுப்பு விதை. மணலோடு கலந்து தூவி, மேலாகக் கிளறிவிட வேண்டும். மலைக் குளிரில் மற்ற கீரையெல்லாம் அழுகினாலும் இது நிற்கும். கொழுந்தில் வெள்ளையாக மாவு படிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு, நான் மருந்தடித்ததாகச் சொல்லி முதல் வருஷம் யாரும் தொடவில்லை. எல்லார் முன்னாலும் பச்சையாகவே மென்று காட்டினேன். அதற்கப்புறம்தான் வீட்டுக்கார அக்கா பருப்பில் போட்டுக் கடைந்தார்.

இந்தக் கீரையின் ஒரே குறை, சீக்கிரம் பூத்துவிடும். பூத்துவிட்டால் நார்தான். அதனால் முதலில் பூக்கிற செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கடைசியாகப் பூப்பதை மட்டும் விதைக்கு விட்டேன். இப்படியே மூன்று வருஷம். மூன்றாம் வருஷம் பதினோரு செடிகள், மற்றதெல்லாம் முற்றிய பிறகும் இருபது நாள் இளசாகவே நின்றன. நான் எந்த ஊரிலும் மூன்று வருஷம் தங்கியதில்லை. இங்கே தங்கியது அந்தப் பதினொன்றுக்காக. பழைய விதையில் ஒரு சிட்டிகைகூட மிச்சம் வைக்காமல் விதைத்திருந்தேன். என் புத்தி அப்படி.

விதைக்கு விட்ட கீரை பார்க்க லட்சணமாக இருக்காது. நெஞ்சுயரம் வளர்ந்து, இலை உதிர்ந்து, தண்டு சிவந்து சாய்ந்து கிடக்கும். கீழ்க் கொத்துகளில் விதை கறுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் பத்து நாள் போதும். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரரின் மிளகு மூட்டையோடு பேளுக்குறிச்சி சந்தைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தது. கீரை நின்ற இடம் வழித்துவிட்டாற்போல் இருந்தது.

"செடியெல்லாம் எங்கீங்கண்ணா?"

"புடுங்கிட்டேன் கண்ணு. நாளைக்கு விவசாய ஆபீசுல இருந்து மேடம் வாராங்களாம். ஊட்டு முன்னால பொதராட்டம் கெடந்தா என்ன நெனப்பாங்க?"

"விதைக்கு விட்டிருக்கேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்களே."

"அதுக்குத்தான் வீசாம, ஆட்டுப்பட்டியோரமா பத்திரமா வெச்சேன். ஆடு சும்மா இருக்குமா?" என்று சிரித்தார். "ஒரு கீரைக்கு ஏனப்பா மூஞ்சி இப்படிப் போகுது?"

அக்கா உள்ளேயிருந்து கத்தினார்: "வேண்டாம்னு நானும் சொன்னேன் சாமி. ஆபீசரு வாராங்கன்னா இந்த மனுசன் என்னையவே புடுங்கிப் போட்டுட்டு எடத்தைக் கூட்டி வெச்சிருவாரு."

பட்டியோரம் மொட்டைத் தண்டுகள் கிடந்தன.

மறுநாள் மேடம் வந்தார். வழித்துவைத்த இடத்தில் நின்று, "இவ்வளவு இடத்தை ஏன் சும்மா போட்டிருக்கீங்க? ஒரு கீரையாவது போடலாமே" என்றார். வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "போட்டர்லாங்க மேடம்" என்றார். இரண்டு விதைப் பொட்டலம் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு மேடம் ஜீப் ஏறினார். அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சுத்தம் பண்ணச் சொல்லி அவர் ஆள் அனுப்பவில்லை. கேட்காமலே குனிகிற முதுகின் மேல்தான் எனக்கு ஆத்திரம். நானும் வாயைத் திறக்கவில்லை என்பதில் அது இரட்டிப்பானது.

பையில் துணியை அடைத்தேன். போகிற வழியில் பட்டிக்குள் ஒரு முறை பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை, குனிந்து ஒரு புழுக்கையை எடுத்துப் பிட்டேன். உள்ளே கறுப்பு விதை, உடையாமல் இருந்தது. ஓடு அவ்வளவு கெட்டி. ஆட்டு வயிற்றால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மூன்று நாள் பட்டியைக் கூட்டினேன். "ஏனப்பா, புழுக்கையில பவுன் தேடறயா?" என்றார் வீட்டுக்காரர். சேர்த்ததையெல்லாம் காயவைத்து நொறுக்கி, வீட்டுக்குப் பின்னால், வாசலுக்கு வருகிறவர் கண்ணில் படாத சரிவில் தூவினேன்.

இந்த மழைக்கு முளைத்திருக்கிறது. ஆனால் ஆடு மேய்ச்சலில் என்னென்னவோ தின்றிருக்கும். கொல்லையில் தானாக முளைத்துச் சீக்கிரம் பூத்த கீரையையும் தின்றிருக்கும். இதில் எது அந்தப் பதினொன்றின் பிள்ளை என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பூக்கட்டும் என்று காத்திருக்க வேண்டும். முந்திப் பூத்தால் பிடுங்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து எல்லாம். அதுவரை ஒவ்வொரு காலையும் இந்த மனிதர் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.