விவேகானந்தன் போட்ட புள்ளடி

இரண்டாயிரத்து ஏழில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் இரண்டு கரையிலும் ஒரு கதை அடிபட்டது. கண்டியில் ஒரு திணைக்களத்தில் எழுதுநராக வேலை பார்க்கும் விவேகானந்தன், நாற்பத்தொரு வயதுவரை கலியாணப் பேச்சையே எடுக்காத மனிதர், ஒரே சனிக்கிழமைப் பின்னேரத்தில் பத்தொன்பது இடத்தில் சம்பந்தம் கேட்டுவிட்டார் என்பது கதை. அதில் பதினெட்டுத்தான் பெண்கள், மிச்சம் ஒருவர் கொழும்பில் கணக்காளராக இருக்கும் ஆண்பிள்ளை என்பது கதையின் வால்.

அந்த வருடம் கதைகளை நம்புவதற்கு ஏற்ற வருடமல்ல. காலையில் ஒன்று கிளம்பும். தேநீர் ஆறுமுன் பொய்யாகிவிடும். ஆனால் இதை விசாரித்துக்கொண்டு போனால் எண்ணிக்கை, கிழமை, கணக்காளர் எல்லாமே சரியாக இருந்தன. எழுவாய் மட்டுந்தான் பிழை.

விவேகானந்தனைத் தெரிந்தவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பஸ்ஸில் மணியடிக்க வெட்கப்பட்டு, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப்போய், வேறு யாராவது மணியடிக்கும் இடத்தில் இறங்கித் திரும்பி நடக்கிற ஆள். சீனி போடாத தேநீரைக் கொடுத்தால், நீரிழிவு வந்துவிட்டது போலும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு குடிப்பார். அப்பா கடுகண்ணாவை ஸ்டேஷனில் கிளார்க்காக இருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் விவேகானந்தனுக்குப் பதினேழு வயது. ரயில்வே குவாட்டர்ஸின் வாசலில் வந்து நின்றவர்கள் ஒரேயொரு சொல்தான் சொன்னார்கள். குடும்பம் உடுத்த உடுப்போடு முகாமுக்குப் போனது. அன்றிலிருந்து, யாரும் சொல்லுமுன்பே ஒதுங்கி வழிவிடுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

அப்படிப்பட்டவரையும் சின்னமுத்து ஒருநாள் பிடித்துவிட்டார். சின்னமுத்து கலியாணத் தரகர். போரில் யாழ்ப்பாணப் பாதை பூட்டப்பட்ட பிறகு அவருடைய தொழில் படுத்துவிட்டது. சாதகக் குறிப்புக்கள் அந்தப் பக்கம் போக வழியில்லை. தபாலில் போட்டால் குறிப்பு போய்ச் சேருமுன் பெண்ணுக்கு வேறு இடத்தில் பிள்ளை பிறந்துவிடும் போலிருந்தது. ஆகவே பாலத்தடியில் நாலு கொம்பியூட்டர் வைத்துக் கடை நடத்தும் ஹபீலிடம் சொல்லி ஒரு கலியாண இணையத்தளம் செய்வித்தார். சைவக் கலியாணங்களை ஒரு முஸ்லிம் பையனின் கடை நடத்துவதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. “பொண்ணு மாப்பிள்ளை பொருந்தினா போதுங்க. மிசினுக்கு எதுக்குங்க நட்சத்திரம்?” என்பார்.

தொடக்கத்தில் அந்தத் தளத்துக்கு ஒரு பெரிய நோய் இருந்தது. மறதி. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய் ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனால், “நீங்கள் யார்?” என்று திரும்பவும் முதலிலிருந்து கேட்கும். கலியாணம் பேசப் போன வீட்டில், ஒவ்வொரு பலகாரத்துக்கும் முன்னால் முகவரி கேட்டால் எப்படி இருக்கும்? சனம் திட்டித் தீர்த்தது. ஹபீல் ஒரு கிழமை மண்டையை உடைத்து வைத்தியம் செய்தான். கடவுச்சொல்லுக்குக் கீழே ஒரு குட்டிச் சதுரம் முளைத்தது. அதில் அடையாளமிட்டால் தளம் ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆங்கிலத் தளங்களில் அதற்குப் பக்கத்தில் ‘ரிமெம்பர் மீ’ என்று இரண்டு சொல் இருக்கும். அதை ஹபீல் கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டுமென்று தமிழில் இப்படிப் போட்டான்: ‘என்னை மறந்துவிடாதே’.

கலியாணத் தளத்தில் இப்படி எழுதியிருந்தால் எந்தத் தமிழன் அதைக் கொம்பியூட்டரிடம் சொல்வதாக நினைப்பான்? பெண் வீட்டார் அந்தச் சதுரத்தின் பக்கம் கையையே கொண்டுபோகவில்லை. முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் ஒரு குமர்ப்பிள்ளை அப்படிக் கேட்கலாமா?

விவேகானந்தன் அந்தச் சனிக்கிழமை மூன்றாம் நம்பர் கொம்பியூட்டரில் உட்கார்ந்தார். கலஹாவில் கணக்குப் படிப்பிக்கும் பத்மாதேவி ரீச்சரின் படத்தைப் பார்த்தார். முப்பத்தாறு வயது, சாவகச்சேரி ஆட்கள், பேராதனையில் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். நெடுநேரம் பார்த்துவிட்டு ‘விருப்பம் தெரிவி’ என்பதை அமத்தி, கீழே இரண்டு வரி எழுதினார்: ‘சமையல் தெரியும். குறட்டை விடமாட்டேன்.’ ஆனால் மனதில் இருந்ததை எழுத அவருக்குத் துணிவு வரவில்லை. அது உள்ளே வரும்போதே அந்தச் சதுரத்தின் பக்கத்தில் அச்சாக எழுதப்பட்டிருந்தது. தேர்தல் கடமைக்குப் போன அனுபவத்தில், வாக்குச்சீட்டில் பெருக்கல் குறி போடுவது போல, அழுத்தமாக அங்கே ஒரு புள்ளடி போட்டிருந்தார். பெண் கேட்டதில் அவருக்குத் தெரிந்த காதல் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சின்னமுத்து, விவேகானந்தன் வேலை பார்க்கும் கந்தோருக்கே வந்துவிட்டார்.

“தம்பி, இருவது வருசமா மாப்பிள்ளை பாக்குறேன். ஒரே நாள்ல பத்தொம்பது எடத்துல கை நனைக்கப் பாத்த ஆள இப்பதாங்க பாக்குறேன்!”

“நான் ஒரு இடந்தான் கேட்டனான், சின்னமுத்தண்ணை.”

“அப்ப கொழும்புல இருக்க கணக்காளருக்கு, ‘அஞ்சடி ரெண்டங்குலம், வீணை வாசிப்பேன்’னு எழுதுனது யாருங்க? அவங்க வீட்டுல சம்மதமாம். படந்தான் மாறிப் போச்சாம், வேற படம் கேக்குறாங்க.”

விவேகானந்தனுக்கு வீணையைத் தூக்கக்கூடத் தெரியாது.

“அதெல்லாம் போகட்டுங்க. ரீச்சரோட சித்தப்பா வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்றேன்னாரு. இப்ப ஊரெல்லாம் கேட்டவனுக்கு எங்க புள்ள எதுக்குன்னு நிக்கிறாரு.”

பின்னேரமே விவேகானந்தன் ஹபீலின் கடைக்குப் போனார். வழக்கமாக வாசலில் நின்று இருமுபவர், அன்றைக்கு நேரே உள்ளே போனார்.

“சேர், மிஷினுக்கு ஆளத் தெரியாது,” என்றான் ஹபீல். “ஒரு பக்கத்துலேந்து அடுத்த பக்கத்துக்குப் போனா, நீங்க அதுக்குப் புது ஆள். அதான் உள்ள வந்த ஒடனே ஒரு துண்டு குடுக்கிற. ஆஸ்பத்திரியில நம்பர் குடுக்கிற மாதிரி. துண்டக் காட்டக் காட்ட, ‘ஆ, இவர்தான்’ எண்டு உள்ள உடும்.”

“என்னட்டை ஒரு துண்டும் வரேல்லையே, தம்பி.”

“அது ஒங்கட சட்டச் சேப்புக்கு வாறல்ல சேர், கொம்பியூட்டர்ட சேப்புக்குப் போற. அந்தச் சதுரத்துல அடையாளம் போட்டா முப்பது நாளைக்கு அங்கயே ஈக்கும். நீங்க எழும்பிப் போனாலும் அது ஒங்கட துண்டத்தான் காட்டும். அந்தக் கதிரையில ஆரு குந்தினாலும் நீங்கதான்.”

அன்றைக்கு அவருக்குப் பிறகு குந்தியவர்கள் தகப்பன்மாரும் தாய்மாரும். மகனுக்கென்றும் மகளுக்கென்றும் அவர்கள் அமத்தியதெல்லாம் விவேகானந்தன் பெயரிலே, விவேகானந்தன் படத்தோடு போய்ச் சேர்ந்தது. திரையின் மேல் மூலையில் ‘வணக்கம், விவேகானந்தன்’ என்று இருந்ததைச் சிலர் கண்டிருக்கிறார்கள். சுவாமிக்குத்தான் வணக்கம் சொல்லியிருக்கிறதென்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு மேற்கொண்டு பெண் பார்த்திருக்கிறார்கள்.

“நான் மூடிப்போட்டுத்தானே போனனான்? மூலையில இருக்கிற புள்ளடியை அமத்தி.”

“அது கதவச் சாத்துற மட்டுந்தான். துண்டக் கிழிக்கிறதுக்கு ‘வெளியேறு’ எண்டு போட்டீக்கே, அத ஏன் சேர் அமத்தல்ல?”

விவேகானந்தன் மேசையைப் பார்த்தார்.

“எண்பத்துமூண்டில வாசலில வந்து சொன்ன சொல். அதை அமத்த மனம் வரேல்லை, தம்பி.”

ஹபீலின் மனைவி றிஸானா, தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு ஒரு பையோடு வந்த குடும்பம். அவன் அதற்குமேல் கேட்கவில்லை.

வியாழக்கிழமை பேராதனையில் படையினர் கலஹா பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். எல்லோரும் அடையாள அட்டையோடு இறங்கி வரிசையாக நின்றார்கள். சோதனை முடிந்து குடையோடு இப்பால் வந்த பத்மாதேவி, ஆலமரத்தடியில் தனக்காகக் காத்துநின்ற, படத்தில் பார்த்த மனிதரைக் கண்டு நின்றார்.

“நீங்கள்தானே அந்தப் பத்தொன்பது?”

“பத்தொன்பதில ஒண்டுதான் நான்.”

“எந்த ஒண்டு?”

“முதலாவது.”

மணியடிக்க வெட்கப்படும் மனிதர், சேப்பு, துண்டு, சதுரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பத்மாதேவி பிள்ளையின் கணக்கைத் திருத்துவது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வீணை நீங்கள் இல்லை.”

“இல்லை.”

“குறட்டை?”

“அது நான்தான் எழுதினனான்.”

“தனிய இருக்கிற மனுசனுக்கு அது எப்பிடித் தெரியும்?”

விவேகானந்தன் யோசித்தார். “பக்கத்து அறை ஆக்கள் இதுவரைக்கும் ஒண்டும் சொல்லேல்லை.”

பத்மாதேவி குடையைக் கொஞ்சம் பதித்துப் பிடித்தார். குடை குலுங்கியது. நிமிர்த்தியபோது முகம் பழையபடி ரீச்சராகிவிட்டது.

“ஒண்டு கேக்கிறன். அந்தப் புள்ளடி மிசினுக்கோ, எனக்கோ போட்டனீங்கள்?”

ஒதுங்க இடம் இருந்தது. ஒதுங்கவில்லை. “உங்களுக்குத்தான்.”

“சரி. சித்தப்பாவிட்டை நான் கதைக்கிறன். ஆனா என்னட்டை முப்பது நாள் துண்டெல்லாம் கிடையாது. ஒவ்வொரு நாளும் வந்து ஆரெண்டு சொல்லித்தான் உள்ளுக்கை வரவேணும்.”

“சொல்லுறன்,” என்றார் விவேகானந்தன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் அவரே மணியடித்தார். ஒரு தரிப்பு முந்தி.

ஆவணியில் கலியாணம். தளத்தில் ஹபீல் இரண்டு திருத்தம் செய்தான். சதுரத்துக்குப் பக்கத்தில் ‘இந்தக் கொம்பியூட்டர் என் சொந்தக் கொம்பியூட்டர்’ என்று வந்தது. ‘வெளியேறு’ இருந்த இடத்தில் ‘போயிட்டு வாறன்’ என்று வந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் ஒழுங்காக அமத்திவிட்டுத்தான் எழும்புகிறார்கள்.

முடியாமல் கிடப்பது ஒன்றுதான். அந்தச் சனிக்கிழமை மூன்றாம் நம்பரில் கடைசியாக இருந்த ஒரு தகப்பன், கொம்பியூட்டர் பாவித்த காசைக் கேட்டபோது திரையைக் காட்டி, “விவேகானந்தன்னு போட்டிருக்குல்ல, அவர்கிட்ட வாங்கிக்கங்க,” என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். நாற்பது ரூபா. இருந்தது தானில்லை என்கிறார் விவேகானந்தன். மிஷினைப் பொறுத்தவரை சேர்தான் என்கிறான் ஹபீல். கலியாணச் சாப்பாட்டில் கழித்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார்கள்.

“மரக்கறிச் சாப்பாட்டுல எப்பிடி சேர் கழியும்?” என்று கேட்டுவிட்டு, ஹபீல் இரண்டாவது தடவை பாயாசம் வாங்கினான்.