இரு குடிக்கு நடுவே ஒரு கட்டு

கல்முனை நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கராக இருந்த ஷரிபுதீனைக் குறை சொன்ன மனிதர் ஒருவரும் இல்லை. எவ்வளவு கோபத்தோடு வந்தவனுக்கும் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்க, பார்ப்பம்" என்பார். வந்தவன் குளிர்ந்து போய்விடுவான். அந்த இனிய குணமே ஒரு குமர்ப்பிள்ளையின் வாழ்வைக் கருக்கும் என்று அன்று யார்தான் நினைத்திருப்பார்கள்!

ஐம்பத்தேழாம் ஆண்டு மாரிக்கு முன்பு மாவடிப்பள்ளிக்கு மேற்கே ஆற்றோர வெள்ளத்தடுப்பு மண்கட்டை உயர்த்தி முடிக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை மேற்பார்த்துவந்த ஓவசியர் நோயில் விழுந்தார். எஞ்சினியர் துரை ஷரிபுதீனைக் கூப்பிட்டார்.

"ஊர் ஆட்களிடம் வேலை வாங்க உம்மைப் போல ஒருவர்தான் வேண்டும். கட்டு மாரியைத் தாங்கினால் இந்த உத்தியோகம் உமக்கே நிரந்தரம்."

அவரை அண்ணன் முறையில் "காக்கா" என்று கூப்பிடும் பக்கத்து மேசைப் புண்ணியமூர்த்தி அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"காக்கா, வெயிலுக்க நிண்டு கறுத்துப் போனா ஆசியா உம்மா ஊட்டுக்குள்ள எடுக்க மாட்டா."

"அவ எடுக்காட்டிக் கட்டுலயே படுக்கிறன்."

"பகிடி இல்ல காக்கா. கடதாசி உங்கட சொல்லுக் கேட்டிச்சு. மனிசன் கேப்பானா? நீங்க ஒருத்தன ஏசி நான் ஒரு நாளும் கண்டதில்ல."

"ஏசாம வேல வாங்கேலாதா?" என்று ஷரிபுதீன் சிரித்தார்.

அவருக்கு அந்த வேலையில் வேறொரு பிடிப்பும் இருந்தது. கட்டுக்குக் கீழேதான் மனைவி ஆசியா உம்மாவின் தாய் வழி வயல் கிடந்தது. அது மகள் ஸுல்பிகாவுக்குச் சீதனமாகப் போகிற காணி. அந்த வெள்ளாமை வெட்டியதும் கபூர் மரைக்காரின் மகன் ஜவுபருக்கும் அவளுக்கும் கலியாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். கட்டு நின்றால் வயல் நிற்கும். வயல் நின்றால் கலியாணம் நடக்கும்.

கரையோர ஊர்களில் ஒவ்வொருவரும் தாய் வழியில் ஒரு குடியைச் சேர்ந்தவர். குடிக்குத் தலைவராக ஒரு மரைக்கார் உண்டு. பள்ளிவாசல் கந்தூரி விருந்துக்கு அரிசி சேர்ப்பதும் சோறு பகிர்வதும் குடிவாரியாகத்தான். ஷரிபுதீன் கட்டு வேலையையும் அப்படியே பிரித்தார். எந்தக் குடிக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எல்லைக்கு எல்லை ஒரு குற்றி அடித்தார். ஊரே அவரைப் புகழ்ந்தது. "மற்றக் குடியை விட நாம் முந்த வேண்டும்" என்று இளவட்டங்கள் போட்டி போட்டு மண் சுமந்தார்கள். கட்டு மளமளவென்று எழும்பியது. துரை வந்து பார்த்துத் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஐப்பசி கடைசியில் ஒரு காலை, கட்டின் மேல் நடந்து வந்த ஷரிபுதீன் ஓரிடத்தில் நின்றுவிட்டார். ஆசியா உம்மாவின் குடி கட்டிய பங்கு அங்கே முடிந்தது. கபூர் மரைக்காரின் குடியுடைய பங்கு அங்கே தொடங்கியது. இரண்டும் குற்றிக்கு இப்பாலும் அப்பாலும் சரிந்து நிற்க, நடுவே பள்ளமாக ஓர் இடைவெளி கிடந்தது. மற்றப் பொருத்துகளில் இரு பக்கத்தாரும் ஏசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஒருவர் பங்கில் மற்றவர் ஏறி மண்ணை இடித்து இறுக்கியிருந்தார்கள். இங்கே யாரும் ஏறவில்லை.

மனைவியின் தம்பி மசூரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நாங்க எப்பிடி மச்சான் அங்கால ஏறி இடிக்கிற? மாப்புள ஊட்டார்ர வேல சரியில்லெண்டு செல்லுற மாதிரிப் போயிருமே."

கபூர் மரைக்காரும் தாடியைத் தடவிக்கொண்டு அதையேதான் சொன்னார்.

"பொண்ணூட்டார்ர பங்குல நாங்க மண்வெட்டி வெச்சா நாலு பேர் என்ன கதைப்பான்? கலியாணத்துக்கு முன்னயே காணி புடிக்க வந்துட்டானுகளெண்டு செல்லமாட்டானா?"

கூட நின்ற ஜவுபர் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினான். "மாமா, நீங்க ஒரு சொல் செல்லுங்க. இப்பவே நான் இடிச்சுப் போடுறன்."

"நீ பொத்திக்கிட்டு நில்லு!" என்றார் தகப்பன்.

ஷரிபுதீன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜவுபரை இறங்கச் சொன்னால் சம்பந்தி முகம் கறுக்கும். மசூரை ஏவினால் வீட்டில் பேச்சு வரும். அவரோ ஊர் வழக்கப்படி மனைவி வீட்டில் வந்து குடியிருக்கிற மனிதர். அந்தக் குடிக்குள் அவர் குரல் உயர்ந்ததே இல்லை. "இடியுங்க, இறுக்குங்க" என்று உத்தரவு போட வேண்டிய பொறுப்பாளர், பழைய கிளாக்கராகவே வாயைத் திறந்தார்.

"சரி, இருக்கட்டும். பார்ப்பம்."

இரண்டு பக்கமும் மரியாதையாக ஆளுக்குக் கொஞ்சம் மண்ணைப் பள்ளத்தில் கொட்டிப் புல் பத்தையால் மூடின. இடிக்கவில்லை, இறுக்கவில்லை. மேலே பார்த்தால் கட்டு ஒரே சீராகத்தான் தெரிந்தது. நாளைக்குக் கூலியாள் பிடித்து இறுக்கலாம் என்று ஷரிபுதீன் தன்னைத் தேற்றிக்கொண்டார். அந்த நாளை வரும் முன்பே மழை பிடித்துக்கொண்டது.

மார்கழியில் வானம் கிழிந்து கொட்டியது. ஆறு கட்டின் கழுத்து வரை ஏறியது. விடியற்காலையில் சனம் எல்லாம் கட்டுக்கு ஓடியது. ஷரிபுதீன் வேறெங்கும் பார்க்கவில்லை. நேரே அந்த இடத்துக்குத்தான் ஓடினார். புல் பத்தை முதலில் மெல்ல நகர்ந்தது. அதன் அடியில் சேற்றுத் தண்ணீர் கொப்பளித்தது.

"சாக்கு! சாக்குக் கொண்டாங்க!" என்று கத்தினார். வாழ்நாளில் அவர் அப்படிக் கத்தியது அன்றுதான். ஜவுபரும் மசூரும் தோளோடு தோள் சேர்த்து மண் சாக்குகளைத் தள்ளினார்கள். ஆறு அவற்றைத் தேங்காய் மட்டைகளைப் போலத் தூக்கி எறிந்தது. கட்டு வாய் பிளந்தது. குடலைப் பருவத்து வயல், கதிரைக் கருக்கொண்ட பச்சை வயல், கண் முன்னே கலங்கல் தண்ணீருக்குள் போயிற்று. ஆசியா உம்மா தூரத்தில் தலையில் கை வைத்து, "யா அல்லாஹ், எண்ட புள்ளைர காணி!" என்று அலறியது மழை இரைச்சலையும் மீறிக் கேட்டது.

வெள்ளம் வடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் கூட்டம் கூடியது. எந்தக் குடி விட்ட பிழை என்று கேள்வி. மசூரின் ஆட்கள் அந்தப் பக்கம் கை நீட்டினார்கள். கபூர் மரைக்காரின் ஆட்கள் இந்தப் பக்கம் கை நீட்டினார்கள்.

"பொறுப்பா நிண்டவர் செல்லட்டும்," என்றார் கபூர் மரைக்கார். "அவருட சொல்ல நாங்க ஏற்பம்."

ஷரிபுதீன் எழுந்தார். இந்தப் பக்கத்தைச் சொன்னால் மனைவியின் குடிக்கு மானக்கேடு. அந்தப் பக்கத்தைச் சொன்னால் மகளின் வாழ்வு போயிற்று. ஆனால் இனியும் "பார்ப்பம்" என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"ரெண்டு குடியும் இல்ல. பிழை என்னுடையது. ஓட்டை கிடந்தது எனக்குத் தெரியும். ரெண்டு பேரையும் கோவிக்கப் பண்ணப் பயந்து இறுக்காம உட்டன்."

 முற்றமே கொதித்தது. வயல் இழந்தவர்கள் அத்தனை பேரும் அவர் மேல் பாய்ந்தார்கள். மசூர் தலையைக் குனிந்துகொண்டான். கபூர் மரைக்கார் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"ஊர்ர சோத்துல தெரிஞ்சே தண்ணிய உட்ட ஊட்டுல எனக்குச் சம்பந்தம் வேணாம்."

"வாப்பா..." என்றான் ஜவுபர்.

"நட!"

அவன் நடந்தான். வாசலில் ஒரு தடவை கிறுகித் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்.

செய்தி ஷரிபுதீனுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. ஸுல்பிகா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மெய்தானா வாப்பா?"

"ஓம் மகள். மெய்யத்தான் செல்லிட்டு வாறன்."

"இவ்வளவு நாளும் செல்லாத மெய்ய இண்டைக்கு என்னத்துக்குச் செல்லினீங்க?"

துரை தந்த உத்தியோகமும் அவருக்கு நிலைக்கவில்லை. கந்தோரில் அவருடைய பழைய மேசைக்கு வேறொருவர் வந்திருந்தார். கட்டுக்கு வெளியூரிலிருந்து புது ஓவசியர் வந்தார். வயலை மூடிய மணலை அள்ள ஆளும் இல்லை, தெம்பும் இல்லை. அடுத்த வருடம் ஜவுபர் மருதமுனையில் பெண் எடுத்தான்.

ஸுல்பிகா அதற்குப் பிறகு வாப்பாவோடு கதைக்கவில்லை. பசி அறிந்து சோறு போடுவாள். கறியை அளவாக ஊற்றுவாள். தட்டை மெல்ல வைப்பாள். ஒவ்வொரு தடவையும் அவர் "மகள்" என்று கூப்பிட வாயைத் திறப்பார். அதற்குள் அவள் குசினிக்குள் போயிருப்பாள்.