அம்மை குத்திய பத்தியம்

அக்கா மகள் வள்ளி சுவரை நக்கிக்கொண்டிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டு வயதுப் பிள்ளை. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வெளுத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பயந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அந்த மாசியில் அம்மை குத்துகிறவர் (பெரியம்மைக்குத் தடுப்பூசி போடும் சர்க்கார் ஆள்) வந்து போயிருந்தார். வள்ளிக்குக் கையில் சீழ் கோத்தது. குத்தினாலும் அது அம்மன் வந்த கணக்குதான் என்று ஊரே பத்தியம் சொன்னது. உப்பு கூடாது, மீன் கூடாது, கீரை கூடாது. வெறும் கஞ்சி. ஊட்டுகிற தாய்க்கும் அதே. புண் காய்ந்த பிறகாவது விட்டார்களா? ஆடியில் கூழ் ஊற்றிய பிறகுதான் தலைக்குத் தண்ணீர் விட்டுப் பத்தியத்தை முடிக்க வேண்டுமாம். அக்கா அப்போது மாசமாக இருந்தாள்.

ஆனி கடைசியில் பிள்ளை நடப்பதையே நிறுத்திவிட்டது. ஊசி ரத்தத்தைக் குடித்துவிட்டது என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவைக் கிளப்பி, பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் பிள்ளையோடு கூட்டிப் போனேன்.

“ஊசிதான் காரணம்னா, குத்திக்கிட்ட எல்லாப் பிள்ளைங்களும் வெளுத்திருக்கணுமே. வெளுத்தாங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

“இல்லீங்க,” என்றாள் அக்கா.

“மண்ணு திங்குதா?”

“அத்த ஏன் கேக்கறீங்க. செவுத்தையே தின்னுக்கினு கீது.”

பிள்ளையின் நகங்களைத் தடவிப் பார்த்தார். நடுவில் குழிந்திருந்தன. என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்றார்.

“கஞ்சிதாங்க, பத்தியம். நானும் அதான் குட்ச்சிக்கினு கீறேன்.”

டாக்டரின் கை பிள்ளையை விட்டு அக்காவின் கண்ணுக்குப் போனது. கீழிமையை இழுத்துப் பார்த்தார். அதன் பிறகு அவர் வள்ளியைப் பற்றி அதிகம் பேசவில்லை.

இருவருக்கும் ரத்தசோகை (இரும்புச்சத்து இல்லாமல் ரத்தம் வெளுப்பது) என்றார். “பிள்ளை தேறிடும். உங்களுக்குத்தான் நாள் இல்ல. ரத்தம் ஊற மாசக்கணக்காகும். பிரசவத்துக்கு இங்கயே வந்துடணும். கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்க மாட்டீங்க.”

மாத்திரை, முருங்கைக்கீரை, மீன் என்று ஆரம்பித்தோம். ஊர் முணுமுணுத்தது, போகட்டும். வள்ளியின் உதடு நாளுக்கு நாள் சிவந்தது. அதே நாட்களில் அக்காவின் கால் வீங்கியது. குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. ஒரே வீட்டில் ஒருத்திக்கு நாட்கள் சேர்ந்தன, ஒருத்திக்குக் குறைந்தன. நான் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே ஒரு மத்தியானம் வலி வந்துவிட்டது. வண்டி கட்டுவதற்குள் ஆண் பிள்ளை பிறந்து, நன்றாக அழுதது. ரத்தத்தைப் பார்த்து நான் கத்தினேன். பேறு பார்க்க ஓடி வந்த ஊர் மருத்துவச்சி பதறவேயில்லை.

“எல்லாருக்கும் போறதுதான். இன்னாத்துக்கு பயப்படறே?”

அவள் சொன்னது நிஜம். எல்லாருக்கும் போகிற அளவுதான் போனது. அக்காவிடம் அந்த அளவுக்கு இல்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

ரத்தம் ஊற ஆகும் காலமும் அது போக ஆகும் நேரமும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. வள்ளி தேறியதைக் கேள்விப்பட்டு இப்போது யார் நோயாளிப் பிள்ளையை என்னிடம் கொண்டுவந்து காட்டினாலும், நான் முதலில் தூக்கி வந்தவளின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.