பட்டுப் புடவைக்கு ரேவ் வெளிச்சம்

குளச்சலில் கரை திரும்பும் வள்ளங்களின் 'டப், டப், டப்' என்ற எஞ்சின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கோட்டாற்றில் நாங்கள் நடத்திய வீடியோ எடிட்டிங் கடையைக் கவிழ்த்தது அதுதான். கல்யாண வீடியோவில் கம்ப்யூட்டர் பூ விழவைத்துப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பூ மழை

ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்தக் கடையைத் தொடங்கினேன். எடிட்டிங் முழுக்க குளச்சல்காரி ஸ்டெல்லா. ஒரு மணமகளின் அப்பா ரோஜா இதழ்களை இன்னும் கூட்டச் சொன்னார். மாப்பிள்ளை முகம் மறையுமே என்றேன்.

"மறையட்டும் டீச்சர், கொழப்பமில்ல. பூவுக்குத்தானே ரூவா தாறோம்."

வலையும் பட்டும்

வளைகுடாவிலிருந்து ஸ்டெல்லாவின் கணவர் ஒரு சிடி அனுப்பினார். வெளிநாட்டு ரேவ் கூட்டம்: ஒரே தாளம், லேசர் கோடுகள், தன்னை மறந்து ஆடும் ஜனம். "இது நம்ம வள்ளத்து எஞ்சின்லா டீச்சர்!" என்றாள். அந்த வாரமே ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் கேட்டது. துறைமுகத்தில் எஞ்சின் சத்தத்தைப் பதிவுசெய்தோம். பட்டுப்புடவை மேல் பச்சை நைலான் வலையைப் போர்த்தி, ஜரிகைக் கரையில் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டி அவளே ஆடினாள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு 'டப்'புக்கும் ஒரு நிறம் வெட்டினாள். செய்யுளில் சீர் விழுவதுபோல் விழுந்தது. படம் எடுக்கும்போது ஒரு மீன்காரி கத்தினாள்:

"ஏட்டி, வலைய நீ உடுத்தா மீனு எதுலட்டி படும்?"

தடங்கல்

உள்ளூர் கேபிளில் விளம்பரம் ஓடியது, பத்து நொடி. பிறகு திரையில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'. கேபிள்காரர் போன் செய்தார்.

"டீச்சர், சிடி கீறிப்போச்சு. படம் வெட்டி வெட்டி இழுக்கு."

வெட்டியதே நாங்கள்தான் என்று சொல்லி, மறுபடி போடவைத்தேன்.

கடைசி வாடிக்கையாளர்

மறுநாள் ஜவுளிக்கடைக்காரர் வந்தார். எஞ்சினை எடுத்துவிட்டு வீணை, வலையை எடுத்துவிட்டு ரோஜா வேண்டும் என்றார். இல்லையென்றால் இனி வேலை கிடையாது. கடை வாடகை அவரை நம்பித்தான் இருந்தது. ஸ்டெல்லாவைப் பார்த்தேன். இத்தனை வருடம் பிறருக்காகப் பூ தூவியவள், தனக்கென்று செய்தது இது ஒன்றுதான். "ஒரு வெட்டுகூட மாறாது" என்றேன். "கோட்டாறுல இனி ஒருத்தன் ஒங்க படியேற மாட்டான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் தெருமுனையைத் தாண்டுமுன் ஸ்டெல்லா ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பினாள்.

"சத்தத்தக் கூட்டட்டா டீச்சர்?"

அவர் வாக்கு பலித்து அடுத்த வருடம் நாங்கள் கடையை மூடினோம்; கேபிள்காரர் கீறிப்போனதாகச் சொன்ன அதே சிடியைக் காட்டி, கொச்சியில் ஒரு ஃபேஷன் வீடியோ நிறுவனத்தில் ஸ்டெல்லா எடிட்டராகச் சேர்ந்தாள்.